குரைக்காமல் காட்டும் தேடல் நாய்: வடலிக்குள் பழக்கின விபரம்

நாய், இளம் பனைகள் அடர்ந்த வடலிக்குள் போய் ஆளைக் கண்டதும் சத்தம் போடாமல் திரும்பி வருகிறது. வந்து, கையாள்பவரின் இடுப்பில் தொங்கும் சாக்குத் துண்டைக் கடித்து இழுக்கிறது. "எங்க?" என்று கேட்டால் முன்னே ஓடி, நின்று திரும்பிப் பார்த்து, ஒளிந்திருப்பவரிடம் கூட்டிக்கொண்டு போகிறது. யாழ்ப்பாணத்தில் மணற்காட்டுச் சவுக்கந்தோப்பிலும் அதை அண்டின வடலிகளிலும் இப்போது இது ஒழுங்காக நடக்கிறது. ஆள் எந்தப் பக்கம் என்று கையாள்பவருக்கே சொல்லாமல் வைக்கிற சோதனையிலும் நடக்கிறது. தொடக்கத்தில் பழக்கியது இதையல்ல, குரைத்துக் காட்டுவதை. அது இங்கே ஏன் சரிவரவில்லை, எப்படி மாற்றியது, என்ன சாமான், எவ்வளவு செலவு என்பதெல்லாம் கீழே.

முதலில் ஒரு எல்லை. இந்த நாய்கள் தேடுவது உயிரோடு வழிதவறிப் போனவர்களை: மறதி நோயுள்ள வயதானவர், மாடு சாய்க்கப் போய்த் திரும்பாதவர், கோபித்துக்கொண்டு வெளிக்கிட்ட பிள்ளை. உடுப்பை மணந்து ஒரே ஆளின் தடத்தைப் பிடிக்கிற நாய் வேறு வகை. இவை காற்றில் வரும் மனித வாடையைப் பிடித்து, அந்தப் பகுதியில் எந்த மனிதர் இருந்தாலும் காட்டும். 2014இல் மீரியபெத்தையிலும் 2016இல் அரநாயக்கவிலும் நடந்த மாதிரி மண்சரிவில் புதைந்தவர்களைத் தேட இந்தப் பழக்கம் போதாது. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். "நாய் இருக்குத்தானே, கொண்டு வாங்கோ" என்று அழைத்தாலும் போகக்கூடாது.

நாயைத் தெரிதல்

பழக்கியது இரண்டு நாய். ஒன்று 19 கிலோ ஊர்ப் பெட்டை, மற்றது 29 கிலோ லாப்ரடோர் கலப்புக் கடுவன். மூக்கில் இரண்டுக்கும் சொல்லக்கூடிய வித்தியாசம் தெரியவில்லை. சூட்டில் நிறையத் தெரிந்தது. பெட்டை கட்டை மயிர், ஒட்டின வயிறு, நீண்ட கால். கடுவன் மூச்சிரைத்து நிற்கிற நேரத்தில் அது இன்னும் வேலை செய்யும். மூச்சிரைக்கும் நாய் வாயால் காற்றை இழுக்கும், மோப்பம் குறையும். ஆகவே இங்கே சூடு தாங்குவது மூக்குக்கு அடுத்த தகுதி. அல்சேசன்தான் வேண்டும் என்று தேடித் திரிய அவசியமில்லை.

தெரிவு செய்யும் சோதனை சுலபம். நாய் விரும்புகிற விளையாட்டுச் சாமானை, அது பார்த்திருக்க, முழங்கால் உயரப் புல்லுக்குள் எறியுங்கள். நாயை அரை நிமிடம் பிடித்து வைத்துவிட்டு விடுங்கள். கண்ணால் பார்த்துக் கிடைக்காதபோது மூக்கை இறக்கி, இரண்டு நிமிடமாவது விடாமல் தேட வேண்டும். பத்து விநாடியில் ஆளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு திரும்பி வருகிற நாய் நல்ல வீட்டு நாய், தேடலுக்கு ஆகாது. புதிய ஆட்களைக் கண்டு ஒதுங்குகிற நாயும் ஆகாது, ஏனென்றால் அதன் முழு வேலையும் முன்பின் தெரியாதவரிடம் சந்தோசமாக ஓடிப்போவதுதான். வயது எட்டு மாதத்துக்கும் ஒன்றரை வருடத்துக்கும் இடையில் இருந்தால் நல்லது. குதிக்கிற, ஏறுகிற வேலைகளை ஒரு வயதுக்குப் பிறகு வையுங்கள், மூட்டு முற்ற வேண்டும்.

சாமான்

விலைகள் 2025இல் கொடுத்தவை, எல்லாம் அண்ணளவு.

நீளக் கயிறு: 10 மீற்றர், 20 மில்லிமீற்றர் அகலத் தட்டை நைலோன் வார். 1,200 ரூபா. உருண்டைக் கயிறு கையை அறுக்கும், முள்ளிலும் சுற்றும். நுனியில் கைப்பிடி வளையம் தைக்கக்கூடாது, அது பனையின் கருக்குமட்டையில் மாட்டும்.

மார்புப் பட்டை: பை தைக்கிற கடையில் சொல்லித் தைத்தது, 2,500 ரூபா. முதுகில் ஒரு கைப்பிடி கட்டாயம். அது அழகுக்கல்ல, கிணற்றுக்கு. ஆளைத் தூக்குகிற இடுப்புப் பெல்ற்றில் போடுவது போல இரண்டு வரிசைத் தையல், முனைகளில் குறுக்குத் தையல். கொழுக்கி மீன்பிடிச் சாமான் கடையில் வாங்கின துருப்பிடிக்காத உருக்கு. சாதாரண இரும்புக் கொழுக்கி உப்புக்காற்றில் ஒரு மாரி கூடத் தாங்காது.

ஆட்டு மணி: 400 ரூபா. வடலிக்குள் நாய் கண்ணுக்குத் தெரியாது. மணி நின்றால் நாய் நின்றிருக்கிறது, வேகம் கூடினால் வாடை பிடித்திருக்கிறது. கழுத்தில் இடைவெளி விட்டுக் கட்டாமல், இழுத்தால் கழரும் பட்டியில் கட்ட வேண்டும். பெரிய மாட்டு மணி நாயின் தலையைச் சாய்க்கும், வேண்டாம்.

விசில்: பிளாஸ்ரிக்கில், உள்ளே உருண்டை இல்லாதது. உருண்டை உள்ளது எச்சிலில் அடைக்கும். உலோக விசில் வெயிலில் உதட்டைச் சுடும்.

காற்றுப் போத்தல்: ஊசிமூக்குள்ள பழைய ஷாம்பூப் போத்தலில் முகப்பவுடர், வாசனை குறைந்தது. ஒருதரம் அமத்தினால் காற்று எப்படிப் போகிறதென்று தெரியும். நாய்க்குக் கிட்டே நின்று அமத்தக்கூடாது.

விளையாட்டுச் சாமானை வாங்கவில்லை. சணல் சாக்கை 30 சென்றிமீற்றர் நீளத்துக்கு இறுக்கிச் சுருட்டிச் சணல் நூலால் தைத்தது. ரெனிஸ் பந்து பல்லைத் தேய்க்கும். உரப்பையில் சுற்றுவது மலிவென்று தோன்றும், ஆனால் அதன் பிளாஸ்ரிக் இழை வயிற்றுக்குள் போகும், உரமும் ஒட்டியிருக்கும்.

சாப்பாட்டுப் பரிசுக்கு அவித்துக் கடலை அளவில் வெட்டின கோழி ஈரல். விடிய எட்டு மணிக்கு மேல் வெளியில் வைத்தால் பழுதாகும், சிறு ஐஸ் பெட்டிக்குள் வைக்க வேண்டும். கருவாடு நாய்க்கு அதைவிடப் பிடிக்கும். ஆனால் உப்பு கூட, தாகம் எடுக்கும், வேலை கெடும்.

கிணறுகள்: முதல் பாடம் "நில்"

வெளிநாட்டுப் பாடங்களில் தேடுவதை முதலில் சொல்லிக்கொடுக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் நிறுத்துவதை முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும். கைவிட்ட வளவுகளில் கட்டு இடிந்த கிணறு, தோட்டங்களில் கட்டே இல்லாத கிணறு, மேலே பற்றை மூடினபடி. வாடையைப் பிடித்து ஓடுகிற நாய் தரையைப் பார்க்காது.

ஒரு நீண்ட விசில், அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். முதலில் கயிற்றில், ஐந்து மீற்றரில், நடக்கும்போது. நின்ற உடனே கையாள்பவர் நாயிடம் போய்ப் பரிசு கொடுக்க வேண்டும். நாயைத் தன்னிடம் அழைத்துக் கொடுத்தால் அது "நில்" என்பதை "வா" என்று படித்துவிடும். பிறகு ஓடும்போது, பிறகு எறிந்த சாக்கை நோக்கிப் பாயும்போது, கடைசியாக ஒளிந்திருப்பவரை நோக்கி ஓடும்போது. கடைசிப் படியில் நில்லாத நாயைக் கயிறு இல்லாமல் விடவே கூடாது. வாய்ச்சொல்லை நம்பவும் கூடாது. "நில்", "வா" என்று ஊரில் எல்லோரும் எல்லா நாய்க்கும் கத்துகிறார்கள், விசில் ஒருவரிடம்தான் இருக்கிறது.

பயிற்சி நிலத்தை முதல்நாள் பின்னேரம் நடந்து பார்த்து, ஒவ்வொரு கிணற்றுக்கும் சிவப்புச் சீலைத் துண்டு கட்டி, கைபேசி வரைபடத்தில் புள்ளி வைக்க வேண்டும். வாகனத்தில் 20 மீற்றர் கயிறு. விழுந்த நாயை எடுக்க யாரும் தனியாக இறங்கக்கூடாது. முகாமாலை, கிளாலிப் பக்கம் மிதிவெடி அகற்றி விடுவிக்காத நிலத்தில் எந்தக் காரணத்துக்கும் பயிற்சி இல்லை. மண்டையோட்டுச் சிவப்புப் பலகை இல்லை என்பதும் அனுமதி ஆகாது. விடுவிக்கப்பட்டதா என்று பிரதேச செயலகத்தில் கேட்டுவிட்டுப் போக வேண்டும். தனியார் வளவுக்கு விதானையார் (கிராம சேவகர்) மூலம் சொல்லிவிட்டால் பிறகு வழக்கு வாக்கு இல்லை.

ஒளிச்சுப் பிடிச்சு

முதல் கட்டம் சின்னப்பிள்ளை விளையாட்டுத்தான். உதவியாள் நாயின் மூக்குக்கு முன்னே சாக்கை ஆட்டிக் காட்டிவிட்டு, காற்று வரும் திசையில் 15 மீற்றர் ஓடி, மரத்துக்குப் பின்னால் இருக்கிறார். நாய் பார்த்திருக்க வேண்டும். விட்டதும் ஓடிப்போய்ச் சேர்ந்த உடனே உதவியாளே பரிசு கொடுத்து, அரை நிமிடம் இழுத்து விளையாட வேண்டும். கையாள்பவர் தருகிற பரிசு இங்கே ஒன்றுமே இல்லை. ஒரு தடவைக்கு மூன்று ஒளிப்பு, கூடினால் நாலு. நாய் இன்னும் வேண்டும் என்று துள்ளுகிறபோதே வாகனத்தில் ஏற்றிவிட வேண்டும். இந்த இடத்தில்தான் எல்லோரும் இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று கெடுக்கிறார்கள்.

படிகளைக் கூட்டும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தூரத்தைக் கூட்டினால் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டாதீர்கள். ஓட்டத்தின் கடைசிப் பகுதியைக் காணாமல் நாயைத் திருப்பிப் பிடிப்பது அடுத்த படி. அதற்கடுத்தது உதவியாள் ஓடுவதையே காணாதது. பிறகு 10 நிமிடம் முன்பே போய் இருப்பது. கடைசியில் எங்கே என்று கையாள்பவருக்கே தெரியாதது.

உதவியாட்களை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சாரம் கட்டினவர், சேலை உடுத்தவர், பிள்ளை, பொல்லோடு நடப்பவர், சுருண்டு படுப்பவர், கதிரையில் இருப்பவர். ஓரிரு இளைஞர்களை மட்டும் வைத்துப் பழக்கின நாய், பாயில் படுத்திருக்கும் அம்மம்மாவைக் கண்டால் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விடும். உதவியாளுக்குக் கைபேசி, தண்ணீர்ப் போத்தல், இருக்க ஒரு சாக்கு. இருப்பதற்கு முன் பொல்லால் ஓலைக் குவியலைத் தட்ட வேண்டும். வடலிக்குள் கண்ணாடிப் புடையனும் சுருட்டையும் கிடக்கிற இடம் அதுதான்.

குரைப்பு ஏன் சரிவரவில்லை

தேடல் நாய் என்றால் குரைத்துக் காட்டுவதுதான் எல்லோர் மனத்திலும் இருக்கிறது. 2023 பெப்ரவரியில் துருக்கி நிலநடுக்கத்துக்கு இந்தியாவின் பேரிடர் மீட்புப் படையான என்.டி.ஆர்.எஃப் கொண்டுபோன லாப்ரடோர்கள் மாதிரி. இடிபாட்டில் அது சரி. புதைந்திருப்பவரிடம் நாய் போய்ச் சேர முடியாது, வாடை கூடின இடத்தில் நின்று குரைக்க வேண்டும், கையாள்பவரும் கிட்டத்தான் நிற்பார். திறந்த நிலத் தேடலுக்கு சர்வதேச மீட்பு நாய் அமைப்பான ஐ.ஆர்.ஓ, குரைப்பதையும் திரும்பி வந்து அழைத்துப் போவதையும் கழுத்தில் தொங்கும் கட்டையைக் கவ்விக்கொண்டு வருவதையும் ஏற்றுக்கொள்கிறது.

குரைக்கப் பழக்குவது சுலபம். உதவியாள் பரிசைக் கையில் மறைத்து, குரைத்தால் மட்டும் கொடுக்க வேண்டும். ஒன்றிலிருந்து தொடங்கி, பத்துப் பதினைந்து தடவை விடாமல் குரைக்க வைக்கலாம். இரண்டு நாயும் படித்தன. வெளியில் கொண்டுபோன பிறகுதான் சிக்கல்.

முதலாவது, கட்டாக்காலிகள். நாய் குரைத்ததும் நாலு பக்கத்திலிருந்தும் ஊர் நாய்கள் குரைக்கும், கிட்டவும் வரும். எது நம்முடைய குரைப்பு என்று பிரிக்க முடியாது. நாயும் ஆளை விட்டுவிட்டு அவற்றைப் பார்க்கத் தொடங்கும். இரண்டாவது, சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசும்போது நாய் காற்றுக்குக் கீழ்ப்பக்கம் 150 மீற்றரில் நின்று குரைத்தால் ஒன்றும் கேட்காது. மணற்காட்டில் கடல் இரைச்சல் வேறு. மூன்றாவது, குரைத்துக்கொண்டே நிற்கிற நாயின் உடல் சூடு ஏறுகிறது. நாலாவதுதான் முடிவைச் செய்தது. மறதி நோயுள்ள ஒருவரை, அல்லது ஒரு பிள்ளையை, இருட்டில் முன்னே நின்று விடாமல் குரைக்கிற நாய் என்ன செய்யும்? அவர் எழும்பி ஓடுவார். ஓடுகிற திசையில் கிணறு இருக்கலாம்.

சாக்குத் துண்டு

முதலில் பார்த்தது கழுத்துக் கட்டை முறை: 10 சென்றிமீற்றர்த் துண்டு பட்டியில் தொங்கும், ஆளைக் கண்டதும் நாய் அதைக் கவ்விக்கொண்டு திரும்பி வரும். ஐரோப்பியக் காடுகளில் நன்றாக ஓடுகிற முறை. இங்கே அது கருக்கிலும் நாயுண்ணிப் பற்றையிலும் மாட்டியது, ஆட்டு மணியோடு சிக்கியது. வழியில் முள்ளில் பட்டுத் தானாக வாய்க்குள் வந்தாலும் நாய் கவ்விக்கொண்டு வந்துவிடும்.

ஆகவே துண்டை நாயிலிருந்து எடுத்துக் கையாள்பவரின் இடுப்புக்கு மாற்றியது. சணல் சாக்கு, 18 சென்றிமீற்றர் நீளம், 4 சென்றிமீற்றர் தடிப்பு, இடது தொடைப் பக்கம், நாயின் வாய் உயரத்துக்கு. இழுத்தால் பெல்ற் கழன்று விழாத மாதிரி இரண்டு சுற்றுக் கட்டு.

பழக்கும் வரிசை பின்னிருந்து முன்னுக்கு:

துண்டைக் கவ்வி இழுப்பதை முதலில் வீட்டு முற்றத்தில். கவ்விய நொடியில் "ம்" என்று ஒரு சொல், கையிலிருந்து ஈரல். இந்த ஒரு கட்டத்தில் மட்டும்தான் பரிசு கையாள்பவரிடமிருந்து வரும்.

பிறகு உதவியாளைக் கொண்டுவர வேண்டும். அவர் கதிரையில், கையாள்பவர் மூன்று மீற்றரில். நாய் உதவியாளிடம் போகிறது. அவர் கல்லுமாதிரி, கண்ணையும் வேறு பக்கம் திருப்பி இருக்கிறார். கையாள்பவர் அழைக்கிறார், நாய் வந்து துண்டை இழுக்கிறது, "எங்க?" என்று கேட்டு இரண்டு பேரும் உதவியாளிடம் ஓடுகிறார்கள், அங்கே பரிசு. அழைப்பைச் சில தடவைக்குள் நிறுத்திவிட வேண்டும். நிறுத்தாவிட்டால் நாய் காட்டுக்குள் நின்று அழைப்புக்குக் காத்திருக்கும்.

மூன்று, ஐந்து, பத்து, இருபது, நாற்பது மீற்றர் என்று கூட்டுங்கள். இருபதுக்கு மேல் நாய் திரும்பி வரும்போது கையாள்பவர் ஒரே இடத்தில் நிற்காமல் நடந்துகொண்டிருக்க வேண்டும். உண்மையான தேடலில் அவர் நிற்கப் போவதில்லை.

பிழை வந்த இடங்கள் மூன்று.

நாய் உதவியாளை விட்டு வர மறுக்கிறது. காரணம் எப்போதும் உதவியாள்தான்: நாயைப் பார்த்துச் சிரிக்கிறார், அல்லது பரிசுக் கையை மடியில் வைத்திருக்கிறார். ஈரல் டப்பாவை மூடித் துணிக்குள் வையுங்கள், அல்லது கையாள்பவரே கொண்டுபோய் உதவியாளின் கையில் கொடுக்கட்டும்.

ஆளைக் காணாமலே வந்து துண்டை இழுக்கிறது. இரண்டு காரணம். பரிசு துண்டிடத்திலேயே நெடுநாள் கொடுத்தது ஒன்று. 18 சென்றிமீற்றர்த் துண்டு நடக்கும்போது ஆடி, நாயை விளையாடக் கூப்பிட்டது மற்றது. முதலாவதற்கு மருந்து: பொய்யாக இழுத்தாலும் ஏசாமல் "எங்க?" என்று கேட்டு நாயின் பின்னால் போங்கள். கொஞ்சத் தூரம் போய் ஒன்றும் இல்லாமல் நாய் முழிக்கும். அமைதியாகத் திரும்பித் தேடலைத் தொடருங்கள். ஏசினால் உண்மையாகக் கண்டபோதும் இழுக்கப் பயப்படும். இரண்டாவதற்கு: துண்டை 12 சென்றிமீற்றருக்கு வெட்டி, ஒட்டும் நாடாவால் தொடையோடு படிய வைத்தது. ஆட்டம் நின்றது, பொய் இழுப்பும் பெரும்பாலும் நின்றது.

மூன்றாவது, 60 மீற்றருக்கு மேல் வந்து இழுத்துவிட்டு, திரும்பிக் கூட்டிப்போகும்போது பாதியில் வாடையை விடுவது. நாய் போன வளைவான வழியில் கையாள்பவர் போகமாட்டார், குறுக்கே போவார், நாயைத் தன் பக்கம் இழுத்துவிடுவார். நாய்க்குப் பின்னால் பத்து மீற்றர் விட்டு, அது போகிற கோணலிலேயே போக வேண்டும்.

ஏற்கெனவே குரைக்கப் பழகின நாயை மாற்றுவதுதான் உண்மையான சிரமம். உதவியாள் குரைப்புக்கு அசையாமல் இருந்தால் நாய் முதலில் இன்னும் பலத்துக் குரைக்கும், காலால் பிறாண்டும். அந்த நேரத்தில் ஒருதரம் இரங்கிப் பரிசு கொடுத்தால் முழு வேலையும் பாழ். கடுவனுக்கு இது பெட்டையைவிட அதிகம் இழுபட்டது, குரைப்பு அதற்கு நன்றாக ஊறியிருந்தது.

காற்று, வேலி, பொட்டு

நிலத்தைக் காற்றுக்குக் குறுக்கே கோடு கோடாக நடக்க வேண்டும், காற்றுக்குக் கீழ்ப்பக்கத்திலிருந்து தொடங்கி. வடலிக்குள் கோட்டுக்குக் கோடு 30 மீற்றர், மரமில்லாத வெளியான தரவையில் 50 முதல் 60. சோளகத்தில் திறந்த தரவையில் நாய் 200 மீற்றருக்கு மேலிருந்தும் தலையைத் திருப்பியது. அதே நாய் வடலிக்குள் 70 மீற்றரில்தான் பிடித்தது. மார்கழி, தையில் வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்காற்று, ஈரத் தரை, குளிர்ந்த விடிய: இதைவிட நல்ல நேரம் இல்லை. பங்குனி சித்திரையில் காற்று அடங்கி மணல் சுடுகிறபோது வாடை தரையிலிருந்து எழும்பி மேலே போய்விடும். பத்து மணிக்குப் பிறகு உதவியாளுக்கு 20 மீற்றர் கிட்டே நாய் தெரியாமல் கடந்துபோகும். அது நாயின் பிழை இல்லை. பவுடரை அமத்திப் பாருங்கள், நேரே மேலே போகும்.

வேலிகளை யாரும் எழுதுவதில்லை, ஆனால் யாழ்ப்பாணத்தில் பாதி வேலை அதுதான். பனையோலை வேலியும் கிடுகு வேலியும் காற்றை மறிக்கும். வாடை உள்பக்கத்திலேயே வேலியோரமாக ஓடி, பொட்டு, அதாவது வேலியில் நுழைகிற இடைவெளி, இருக்கிற இடத்தில் வெளியே வரும். நாய் பொட்டில் நின்று உற்சாகப்படும், ஆனால் ஆள் அந்த இடத்துக்கு நேரே இருக்கமாட்டார், வேலியோடு 40 மீற்றர் தள்ளி இருப்பார். கையாள்பவர் பொட்டுக்கு நேரே உள்ளே தேடச் சொன்னால் கெட்டது. நாயைப் பொட்டால் உள்ளே விட்டு, வேலியின் உள்பக்கம் காற்று வரும் பக்கமாகப் போக விடுங்கள். உயிர்த்தடி நட்ட கதியால் வேலியில் இந்தச் சிக்கல் குறைவு, காற்று ஊடுருவும். மதிலில் வாடை மேலால் ஏறி மற்றப் பக்கம் சில மீற்றர் தள்ளித்தான் விழும், ஆகவே மதிலை ஒட்டி நடக்காமல் சற்று விலகி நடக்க வேண்டும்.

கட்டாக்காலிகளுக்குக் குடை போதும். கிட்டே வருகிற நாயை நோக்கிப் படாரென்று விரித்தால் பெரும்பாலும் திரும்பும். கல் எடுக்கக் குனிந்தால் தேடல் நாயும் பயந்துபோகும். நம்முடைய நாய் அவற்றைப் பாராமல் கடக்க, 50 மீற்றர் தூரத்தில் தொடங்கி, பார்த்துவிட்டுத் தானாகத் திரும்பின நொடிக்குப் பரிசு கொடுத்துக் கொண்டுவர வேண்டும். அவசரப்பட்டுக் கிட்டே கொண்டுபோனால் மாதக்கணக்கில் பின்னுக்குப் போகும்.

பராமரிப்பு

வேலை நேரம் விடிய ஐந்தரையிலிருந்து எட்டு, பின்னேரம் ஐந்துக்குப் பிறகு. புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் நாயின் காலும் வைக்க முடியாது. வெப்பமானி ஒன்று வாகனத்தில் இருக்க வேண்டும், குதவழி அளப்பது. ஓய்வில் 38.3 முதல் 39.2 பாகை செல்சியஸ் சாதாரணம். 40ஐத் தொட்டால் வேலை நிறுத்தம், நிழல், தண்ணீர். 41க்கு மேல் போனால், அல்லது நாய் தள்ளாடினால், அந்த இடத்திலேயே உடல் முழுக்கத் தண்ணீரை ஊற்றி, விசிறி, அதன் பிறகு மிருக வைத்தியரிடம். ஈரத் துவாயால் மூடி வைத்தால் சூடு உள்ளேயே நிற்கும். 39.5க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் கடந்து குளிர்ந்துபோகும்.

தண்ணீர் கிலோவுக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 மில்லிலீற்றர் ஓய்வில். 19 கிலோ நாய்க்கு ஒரு லீற்றர் சொச்சம். வேலை நாளில் இரண்டரை லீற்றர் கொண்டுபோவது. நல்ல தண்ணியாக இருக்க வேண்டும். கரையோரக் கிணறுகள் பல சவர், தாகத்தில் நாய் கடல்நீரையும் குடிக்கும், குடித்தால் கழிச்சல், கூடக் குடித்தால் உயிராபத்து. சாப்பாடு வேலைக்கு மூன்று மணித்தியாலம் முன்னே, அல்லது முடிந்து மூச்சு அடங்கி ஒரு மணித்தியாலம் கழித்து.

செலவில் பெரியது உண்ணிக் குளிசை, மாதத்துக்கு ஏறக்குறைய 4,000 ரூபா. அதில் மிச்சம் பிடிக்கக்கூடாது. உண்ணிக் காய்ச்சல் வந்தால் மருந்து அதைவிடக் கூட, நாய் பல கிழமை வேலை செய்யாது. குளிசை போட்டாலும் ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் காது, விரலிடை, கக்கம் தடவிப் பார்க்க வேண்டும். மருந்து பற்றி ஒரு விசயம்: மெட்ரோனிடசோல் குளிசை சில நாய்களின் மோப்பத்தைக் குறைக்கிறது. வெடிமருந்து மோப்ப நாய்களில் செய்த ஆய்வில் ஏறக்குறைய அரைவாசி நாய்களில் அது தெரிந்தது. உண்ணிக் காய்ச்சலுக்குக் கொடுக்கிற டொக்சிசைக்கிளினில் அந்தக் குறை காணப்படவில்லை. வயிற்றோட்டத்துக்கு மருந்து எழுதும்போது இது வேலை நாய் என்று மிருக வைத்தியருக்குச் சொல்லுங்கள், முடிந்த பிறகு ஒரு சுலபமான ஒளிப்பு வைத்துப் பாருங்கள்.

விசர்நாய்த் தடுப்பூசி சுகாதாரப் பகுதியின் முகாம்களில் இலவசம். எலிக்காய்ச்சல் தடுப்பூசி முதலில் மூன்று நாலு கிழமை இடைவெளியில் இரண்டு, பிறகு வருடாவருடம். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவின பிறகு, வெள்ளத்துக்குள் இறங்குகிற கையாள்பவர்களும் சுகாதார வைத்திய அதிகாரியிடம் கேட்டுத் தடுப்பு மருந்து எடுப்பது வழக்கமாகியது. வயலோரத் தேங்கின தண்ணீரில் நாயைக் குடிக்க விடக்கூடாது.

காலில் நெருஞ்சி. முள்ளுவாங்கியும் சிறு ரோச்சும் மார்புப் பட்டைப் பையில். கருக்குக் கீறல் மார்பிலும் தொடை உள்பக்கத்திலும் வரும், மயிருக்குள் தெரியாது, கையால் தடவினால் ஈரம் பிசுபிசுக்கும். உப்புநீரால் கழுவினால் போதும், ஆழமானால் தையல்.

அடுத்த நாய்க்கு மாற்றுபவை

குரைப்பைத் தொடவே போவதில்லை. துண்டை இழுப்பதை, ஒளிப்பு தொடங்க முன்னமே முற்றத்தில் முடிப்பது. துண்டு முதலிலிருந்தே 12 சென்றிமீற்றர், தொடையோடு படிந்தது. உதவியாட்களில் அறுபது தாண்டினவர்களை முதல் மாதத்திலிருந்தே சேர்ப்பது. அவர்களுக்கு வளவுக்குள் கதிரை போட்டால் போதும், வடலிக்குள் போக வேண்டியதில்லை.

ஆட்டு மணியோடு கைபேசிக்குப் பாதை காட்டும் கழுத்துக் கருவியும் சேர்த்தால், எந்தக் கோடு தேடியது, எது விட்டுப்போனது என்று பொலிசாருக்கும் இடர் முகாமைத்துவப் பிரிவுக்கும் வரைபடத்தில் காட்டலாம். மலிவானவை சிம் அட்டையில் ஓடுபவை, மணற்காட்டில் சில இடங்களில் சமிக்ஞை இல்லை. வானலைக் கருவிகள் விலை கூட, அனுமதியும் எடுக்க வேண்டும். அதுவரை கையாள்பவரின் கைபேசியில் நடந்த பாதையைப் பதிந்து, இடர் அவசர இலக்கமான 117க்குச் சொல்லும்போது அதை அனுப்புகிறோம். பெட்டை வேலை செய்கிற அகலம் இருபக்கமும் 30 மீற்றர் என்று வைத்துக் கோட்டைத் தடிப்பாக வரைந்தால், தேடாத துண்டு எது என்று பார்த்தவுடன் தெரிகிறது.